தீப்பொறி எங்கே தடைப்படுகிறது?

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில், மாலைநேரத் தொழிற்பட்டறையின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வியின் மேன்மையைப் பற்றி அறிஞர் பலர் காலை முதல் இம்மேடையில் பேசினார்கள். ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கைகளையுடைய நாங்கள் அந்தப் பெரும்பொருளை மீண்டும் எடுத்துப் பேச முற்படுவது பொருந்தாது. எங்களுக்குத் தெரிந்தது பட்டறை. ஆகவே, பழைய கார் ஒன்றின் எரியூட்டல் பகுதிகளில் குறை நேர்ந்தால் அதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு மாற்றுவது என்பதைப் பற்றியே பேசப் போகிறோம். இப்பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் எங்கள் பட்டறையில் ஒரு பழைய அம்பாசடர் வண்டி எங்களுக்கே கற்பித்த பாடம் ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. அதனை மறைக்காமல் சொல்லுவதே இந்த உரையின் நோக்கம்.

நம் பகுதியைச் சேர்ந்த அன்பர் ஒருவருடைய வண்டி அது. 1976ஆம் ஆண்டு மாதிரி, பெட்ரோலில் ஓடுவது. அவருடைய தந்தையார் வாழ்நாள் முழுவதும் பிறருடைய கார்களை ஓட்டியவர். ஓய்வு பெற்ற காலத்தில் சேமிப்பையெல்லாம் திரட்டி, தாம் ஓட்டிவந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். பிறர் அமர்ந்து செல்லக் கதவைத் திறந்து நின்ற மனிதர், அதே கதவைத் தம் மனைவி மக்களுக்காகத் திறந்தார். அந்த வண்டி அக்குடும்பத்திற்கு எத்தகைய பொருள் என்பதை நாங்கள் விரித்துரைக்க வேண்டியதில்லை. தெருவில் யாருக்கேனும் நள்ளிரவில் நோய் கண்டால் மருத்துவமனைக்குச் செல்லுவதும் அந்த வண்டியில்தான்.

அந்த வண்டி ஓராண்டாக நோயுற்றிருந்தது. நின்ற இடத்தில் சீராக ஓடும். சாலைக்கு வந்து மெல்லக் காலை வைத்தால் திணறும். சில வேளைகளில் நின்றே போகும். மூன்று பட்டறைகளுக்குக் கொண்டுபோனார்கள். முதற் பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டாவது பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது பட்டறையில் பிளக்குகள் நான்கையும் காயிலையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, நோய் போகவில்லை. இறுதியில் பழைய இரும்பு வாங்குபவர் வாசலுக்கு வந்து விலை பேசத் தொடங்கிவிட்டார். அதன் பிறகே அன்பர் அந்த வண்டியை எங்கள் மாலை வகுப்பிற்குக் கொண்டுவந்து, "பிள்ளைகள் பிரித்துப் படிக்கட்டும், சரியானால் சரி, ஆகாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

அந்தக் கதையின் முடிவைக் கூறுமுன், தீப்பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவது கடமையாகும்.

பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: காற்றும் பெட்ரோலும் அளவோடு கலந்த கலவை, அதனை நெருக்கும் அழுத்தம், உரிய நொடியில் ஒரு தீப்பொறி. பேட்டரியில் உள்ளது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய்வதற்கோ பல்லாயிரம் வோல்ட் வேண்டும். பன்னிரண்டைப் பல்லாயிரம் ஆக்குவது எப்படி? 1831இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே அதற்கு விடை. பாரடே கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றவர். அவருடைய கண்டுபிடிப்பைக் காருக்குப் பொருத்தமாக்கி, பேட்டரியால் இயங்கும் எரியூட்டல் முறையை அமைத்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். 1910ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் அம்முறை இடம்பெற்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தின் கார்கள் பெரும்பாலும் அந்த முறையிலேயே ஓடின.

காயிலுக்குள் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பியால் ஆன முதற் சுற்று சில நூறு வளையங்கள் கொண்டது. மெல்லிய கம்பியால் ஆன இரண்டாம் சுற்று பல்லாயிரம் வளையங்கள் கொண்டது. முதற் சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. அந்த ஓட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட்டை எழுப்புகிறது. துண்டிக்கும் வேலையைச் செய்வது பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டில் உள்ள நான்கு முனைக் கேம், பாயிண்டை ஒரு சுற்றுக்கு நான்கு முறை திறக்கிறது. திறக்கும் நொடியில் பாயிண்டின் முனைகளுக்கிடையே மின்சாரம் பொறியாகத் தாவ முயலும். அவ்வாறு தாவினால் துண்டிப்பு மெதுவாக நிகழும், முனையும் தீய்ந்துபோகும். அதனைத் தடுத்து, துண்டிப்பைக் கூர்மையாக்குவது கண்டன்சர். பிறந்த உயர் மின்சாரத்தை மூடியின் நடுவிலுள்ள கரித்துண்டு வழியாக ரோட்டார் பெற்று, சுழன்றபடியே ஒவ்வொரு பிளக்கிற்கும் முறைப்படி வழங்குகிறது. அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் அந்த முறை 1, 3, 4, 2 என்பதாகும்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுற்றினால், நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்திற்கு 6000 பொறிகள் வேண்டும், நொடிக்கு நூறு. அத்தனை முறை திறந்து மூடும் சிறு முனைகள் தேய்வதில் வியப்பில்லை.

தோழர்களே! நாங்கள் தொழில் பழகிய காலத்தை இங்கு நினைவுகூர வேண்டியிருக்கிறது. எங்களில் மூத்தவர் சிறுவயதில் ஒரு பட்டறையில் சேர்ந்தபோது, மூன்று ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தவை டயர் கழற்றும் வேலை, கிரீஸ் துடைக்கும் வேலை, தேநீர் வாங்கிவரும் வேலை. அந்தத் தேநீரையும் அவர் கை படாமல் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கும் நேரத்தில் தலைமை மெக்கானிக் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "ஏன் அண்ணா, இதைத் திருப்பினால் என்ன ஆகும்?" என்று ஒருமுறை கேட்டதற்கு ஸ்பேனரால் கையில் அடி விழுந்தது. தொழில் அறிவு என்பது பரம்பரைச் சொத்துப்போல் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. யார் தொடலாம், யார் தொடலாகாது என்ற கணக்கு பட்டறைக்குள்ளும் இருந்தது. நம் கழகம் தொழிற்பட்டறை தொடங்கியபோது, "இங்கே கேள்வி கேட்டவர் அடிபட மாட்டார்" என்பதையே நாங்கள் முதல் விதியாக எழுதி மாட்டினோம். அந்த விதி எழுதிய எங்களையே ஒருநாள் சோதித்தது.

வண்டி வந்தது. குறையைக் கண்டறிவதற்கு நாங்கள் கற்பிக்கும் வரிசை இதுதான்: முதலில் கேள், பிறகு பார், பிறகு சோதி, அதன் பின்னரே மாற்று. வண்டிக்காரரைக் கேட்க வேண்டும்: எப்போது திணறுகிறது? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? மழையிலா, வெயிலிலா? மேட்டிலா, சமதரையிலா? ஏனெனில் ஒவ்வொரு குறைக்கும் அதற்கே உரிய பழக்கம் உண்டு. அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் காயிலைச் சந்தேகிக்கலாம். மழை நாளிலும் பனிக்காலையிலும் மட்டும் தொல்லை கொடுத்தால் மூடியிலோ பிளக் வயர்களிலோ ஈரம் வழியே மின்சாரம் கசிகிறது எனலாம். நாள்தோறும் சிறிது சிறிதாக இழுவை குறைந்து வந்தால் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி குறுகியிருக்கலாம்.

அடுத்தது பார்வை. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உட்புறத்தில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் கரிக்கோடு தெரிந்தால் மின்சாரம் குறுக்குவழி கண்டுகொண்டது என்று பொருள். அத்தகைய மூடியைத் துடைத்துப் பயனில்லை, மாற்றவே வேண்டும். நடுக் கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா, அதன் சுருள்வில் அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பாயிண்டின் ஒரு முனையில் குழியும் மறு முனையில் மேடும் மிகுந்திருந்தாலும், முனைகள் நீலம் பாய்ந்திருந்தாலும், கண்டன்சரையும் சேர்த்து ஐயுற வேண்டும். இருட்டும் வேளையில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், பழுதான வயர்களின் மேல் நீலப் பொறி நெளிவது கண்ணுக்கே தெரியும்.

பிளக்கும் பேசும். அதன் முனை இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் மிகை, அல்லது பொறி வலுவற்றது. பெட்ரோலால் நனைந்திருந்தால் அங்கே பொறியே எழவில்லை எனலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் குறை எரியூட்டலில் இல்லை. பிஸ்டன் வளையத்திலோ வால்வு வழியிலோ இருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு அளவு மீறியது.

மூன்றாவது சோதனை. இங்கே ஓர் எச்சரிக்கை. எரியூட்டலின் உயர் மின்சாரம் உதறி எறியும். பெட்ரோல் ஆவியில் ஒரு பொறி விழுந்தால் பட்டறையே பற்றிக்கொள்ளும். ஆகவே கைச்சங்கிலி, மோதிரம், தொங்கும் துண்டு ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். கியரை நியூட்ரலில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓட்டலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைக் குடித்துவிடும்.

ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று தோன்றினால், மின்காப்புள்ள குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கணநேரம் கழற்றி எஞ்சினில் எர்த் ஆகும்படி வைத்துப் பார்க்கலாம். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் தள்ளாடும். எதனை எடுத்தபோது மாறுதல் இல்லையோ அதுவே முடங்கிய சிலிண்டர். பின்னர் எஞ்சினை நிறுத்தி, அதன் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். குறை பிளக்கோடு சேர்ந்து இடம்பெயர்ந்தால் பிளக்கே குற்றவாளி. பெயரவில்லை என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இதுவே.

இனி அந்த அம்பாசடருக்கு வருவோம். நாங்கள் மூடியைத் திறந்தோம். பாயிண்ட் முனை சிறிது குழிந்திருந்தது. "கண்டன்சர் போயிருக்கிறது" என்று உறுதியாகச் சொன்னோம். நாற்பது மாணவர் சூழ்ந்து நிற்க, ஆசிரியர் உறுதியாகச் சொல்லுவது எளிது. புதுக் கண்டன்சர் போட்டோம். பாயிண்டையும் மாற்றினோம். வண்டி நின்ற இடத்தில் அழகாக ஓடியது. சாலையில் இறக்கினோம், முந்நூறு அடி செல்லுமுன் திணறி நின்றது. வண்டிக்கார அன்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் எங்களைச் சுட்டது. நான்காவது பட்டறையாக நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டோம்.

அப்போது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி முன்வந்தார். "ஐயா, ஒன்று கேட்கலாமா?" என்றார். கேள் என்றோம். "மெல்லக் கால் வைத்தால் திணறுகிறது. அழுத்தி மிதித்தால் சமாளித்துக்கொண்டு ஓடுகிறது. கண்டன்சரோ காயிலோ கெட்டிருந்தால் அது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்?"

நாங்கள் வாயடைத்து நின்றோம். அந்தக் கேள்வியின் கூர்மையை எண்ணிப் பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நிறையப் புகுந்து நெருக்கப்படுகிறது; நெருக்கம் மிகுந்தால் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவை. ஆகையால் வலுவற்ற காயிலும் கெட்ட கண்டன்சரும் பாரம் மிகுந்தபோதுதான் தோற்கும். பெட்ரோல் போதாமல் திணறும் வண்டியும் பாரம் மிகுந்தபோதுதான் திணறும். இந்த வண்டியோ பாரம் குறைந்தபோது திணறியது. அந்த ஒரு குறிப்பை ஓராண்டாக ஒருவரும் காதில் வாங்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை.

"அப்படியானால் மெல்லக் கால் வைக்கும்போது மட்டும் என்ன அசைகிறது?" என்று திருப்பிக் கேட்டோம். மாணவி டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலிருந்த உருண்டையான வாக்வம் பெட்டியைச் சுட்டிக் காட்டினார்.

அந்தப் பெட்டியின் வேலை என்ன? எஞ்சின் இலேசான பாரத்தில் ஓடும்போது கலவை மெதுவாக எரியும். ஆகவே பொறியைச் சற்று முந்தித் தர வேண்டும். கார்புரேட்டரின் திராட்டில் வாயருகே உள்ள துளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அந்தப் பெட்டிக்கு வருகிறது. திராட்டில் மூடியிருக்கும்போது அத்துளையில் இழுப்பு இல்லை. சற்றுத் திறந்தால் இழுப்பு மிகும். பெட்டியின் உள்ளிருக்கும் சவ்வு பின்வாங்கி, பாயிண்ட் பொருத்திய தட்டைச் சிறிது திருப்பும். முழுதும் திறந்தால் இழுப்பு குறைந்து தட்டு பழைய இடத்திற்கே திரும்பும். நின்ற இடத்தில் தட்டு அசைவதில்லை. அழுத்தி மிதித்தாலும் அசைவதில்லை. மெல்லக் கால் வைத்தால் மட்டுமே அசைகிறது. வண்டியின் நோயும் அப்போது மட்டுமே.

முதற் சோதனையாக அந்தக் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத்துத் துளையை அடைத்து வண்டியை ஓட்டினோம். திணறல் மறைந்தது! இது மருந்தன்று, நோய் எங்கே என்று காட்டும் சோதனை மட்டுமே. அடுத்து எஞ்சினை நிறுத்தி, பாயிண்ட் முனைகள் நன்றாக மூடியிருக்கும்படி திருப்பி நிறுத்தினோம். 12 வோல்ட் சோதனை விளக்கின் ஒரு முனையைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் மற்றொன்றை எர்த்திலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். முனைகள் மூடியிருந்தமையால் மின்சாரம் பாயிண்ட் வழியே எர்த்திற்குச் சென்றது, விளக்கு எரியவில்லை. அதுவே முறை. இப்போது வாக்வம் பெட்டியில் சுத்தமான ரப்பர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி வாயால் இழுக்கச் சொன்னோம். மாணவி இழுத்தார். தட்டு நகர்ந்தது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. இழுப்பை விட்டார், விளக்கு அணைந்தது.

பாயிண்ட் மூடியிருக்கும்போதே விளக்கு எரிந்தால் வழியில் எங்கோ இணைப்பு அறுகிறது என்பதுதானே பொருள்? டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும், விரல் நீளம்கூட இல்லாத சிறு வயர் ஒன்று உண்டு. தட்டு திரும்பும்போதெல்லாம் அது மடங்கி நிமிரும். பல்லாண்டு மடங்கி நிமிர்ந்ததில், உள்ளிருக்கும் நூலிழை போன்ற செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துவிட்டிருந்தன. மேலுறை மட்டும் முழுதாக இருந்தது. ஆகவே கண்ணுக்குத் தெரியவில்லை. தட்டு ஓய்ந்திருக்கும்போது அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. தட்டு நகர்ந்தால் பிரிந்தன. பாயிண்டை மாற்றிய நாங்கள் அந்தப் பழைய வயரையே மீண்டும் மாட்டியிருந்தோம். ஒரு தேநீர்ச் செலவில் முடிய வேண்டிய குறைக்காக அந்தக் குடும்பம் ஓராண்டு அலைந்திருக்கிறது; வண்டியையும் எடைக்குப் போட இருந்தது.

அன்று மாணவர் முன்னிலையில் நாங்கள் சொன்னது இதுதான்: "நாங்கள் ஊகித்தோம், இவர் சோதித்தார்." கரும்பலகையில் அதையே எழுதினோம். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. எழுதி முடித்தபோது, கையில் ஸ்பேனர் அடி வாங்கிய எங்கள் மூத்தவரின் கண்கள் கலங்கியிருந்ததை நாங்கள் பார்த்தோம்.

இனி மாற்றும் முறையைச் சொல்லி முடிக்கிறோம். பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மூடியைக் கழற்றுமுன் பிளக் வயர்களுக்கு எண் கட்டுங்கள்; ஞாபகத்தை நம்பாதீர்கள். ரோட்டாரை நேர்மேலாக இழுத்து எடுங்கள். பாயிண்டைப் பிடிக்கும் நட்டைக் கழற்றும்போது மின்காப்பு வாஷர்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் ஒரு துணியின் மேல் வையுங்கள். வரிசை தவறினால் வயர் நேரே எர்த் ஆகிவிடும், எஞ்சின் கிளம்பாது. சிறு திருகு உள்ளே விழுந்தால் எடுக்காமல் மேற்செல்லாதீர்கள். வயரில் ஐயமிருந்தால் அதனையும் மாற்றுங்கள். வளைந்து கொடுக்கும் மெல்லிழை வயரே அங்கே பொருந்தும். விறைப்பான வயர் தட்டின் அசைவைத் தடுக்கும்.

புதுப் பாயிண்டின் முனைகளில் காப்பு எண்ணெய் இருக்கும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். கேம் முனை பாயிண்டின் குதிகாலை முழுதும் தள்ளி, முனைகள் மிகவும் விலகியிருக்கும் நிலைக்கு எஞ்சினைக் கையால் திருப்புங்கள். அந்த நிலையில் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிலர் அட்டைத் துண்டை வைத்துக் குத்துமதிப்பாக அளப்பார்கள். அவ்வழக்கம் நமக்கு வேண்டா. ஃபீலர் கேஜ் கொண்டு அளந்து, திருகை இறுக்கிய பிறகு மீண்டும் அளவுங்கள். இறுக்கும்போது இடைவெளி மாறுவதுண்டு. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீட்டர். கேமின் மேல் ஒரு மயிரிழைக் கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே. மிகுந்தால் அது பாயிண்டில் தெறித்துத் தீய்த்துவிடும்.

இடைவெளியைச் சரிசெய்த பின்னரே டைமிங். இந்த வரிசை மாறலாகாது. இடைவெளி அகன்றால் பாயிண்ட் முந்தித் திறக்கும்; குறுகினால் பிந்தித் திறக்கும். ஆதலால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். பேட்டரி இணைப்பை மாட்டி, முதற் சிலிண்டர் அழுத்த வீச்சில் இருக்கும்போது, கிராங்க் புல்லியின் குறியை அந்த எஞ்சினுக்குரிய கையேடு கூறும் பாகைக்கு நேரே நிறுத்துங்கள். சோதனை விளக்கை முன்போலவே இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்துங்கள். உடலை ரோட்டார் சுழலும் திசையில் விளக்கு அணையும்வரை திருப்பி, பிறகு எதிர்த்திசையில் மெல்லத் திருப்புங்கள். விளக்கு எரியத் தொடங்கும் அந்த நொடியே பாயிண்ட் திறக்கும் நொடி. அங்கேயே இறுக்குங்கள். சாவியை வீணாகத் திருப்பிவைத்தால் காயில் சூடேறும் என்பதை மறவாதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் குதிகால் படிந்து இடைவெளி குறுகும். மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும்.

கழற்றிய நல்ல பாகங்களை எறிந்துவிடாதீர்கள். புதியவை எல்லாம் நல்லவை அல்ல. தரமற்ற கண்டன்சர்களும் ரோட்டார்களும் கடைகளில் உண்டு. ஓடிச் சோதிக்கப்பட்ட பழைய கண்டன்சர் ஒன்று டிக்கியில் இருப்பது நல்ல துணை.

"அம்பாசடர் கார் 2014இல் நின்றுபோயிற்று, இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, இதைப் படித்து என்ன பயன்?" என்று பெற்றோர் சிலர் எங்களைக் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி. இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனிக் காயில் உண்டு. பாயிண்டின் வேலையைக் கணினி செய்கிறது. குறை நேர்ந்தால் கருவியை மாட்டிக் குறியீட்டைப் படிக்கலாம். பி0303 என்று வந்தால் மூன்றாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஆனால் குற்றம் பிளக்கிலா, காயிலிலா, பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டரிலா, வயரிலா என்பதை அக்குறியீடு சொல்லுவதில்லை. காயிலைக் கழற்றி அடுத்த சிலிண்டருக்கு மாற்றி, குறியீடு அதனோடு போகிறதா என்று பார்ப்பவரே மெக்கானிக். குறியீட்டைக் கண்டதும் நான்கு காயிலுக்கும் விலைப்பட்டியல் எழுதுபவர் பாகம் மாற்றுபவர். பழைய வண்டியில் கண்ணால் கண்டு, கையால் தொட்டு முறையைக் கற்றவருக்குப் புதிய வண்டியின் மூடிய பெட்டி அச்சம் தராது.

அண்ணல் அம்பேத்கர் நம் மக்களுக்குக் கலைக் கல்வியோடு அறிவியல், தொழில்நுட்பக் கல்வியும் வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973இல் செய்யப்பட்ட திருத்தத்தால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அந்த இடங்களைக் கேட்டுப் பெறுங்கள். பெற்ற பின், தேநீர் வாங்கிவருவதோடு நின்றுவிடாதீர்கள். மூடிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த அம்பாசடர் எடைக்குப் போகவில்லை. அன்பர் அதனை எடுத்துச் செல்ல வந்த மாலையில், வண்டியைச் சாலையில் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை அந்த மாணவியிடமே ஒப்படைத்தோம். அவரிடம் உரிமம் இருந்தது. அன்பர் பக்கத்து இருக்கையில் அமர முன்வந்தார்; சற்று நின்றார்; பிறகு சுற்றிவந்து, தம் தந்தையார் செய்ததைப்போல, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தாமே திறந்து அந்தப் பெண்ணை ஏறச் சொன்னார். மெல்லக் கால் வைத்தார் மாணவி. வண்டி திணறாமல் சென்றது.

அறுந்த வயரை எங்கள் பட்டறையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் மாணவர்க்கு முதற் பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.